வேகமாக ஓடும்போது ஸ்டெப்பர் நின்றுபோகிறது: என்கோடர் மோட்டார் வாங்கவா, 36 வோல்ட் போதுமா?

மரத்தூள்
வீட்டில் சின்னதாக ஒரு சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்லும் பாதையில் வெட்டும் இயந்திரம்) கட்டியிருக்கிறேன். நெமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார் (பல்ஸ் வர வரப் படிப்படியாகச் சுற்றுவது) மூன்று (2.8 ஆம்பியர், 2.5 மில்லிஹென்றி), டிபி6600 டிரைவர், 5 மிமீ லீட் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) கொண்ட எஸ்எஃப்யூ1605 பால் ஸ்க்ரூ, ஆர்டுயினோ யூனோவில் ஜிஆர்பிஎல் கன்ட்ரோலர் மென்பொருள். பவர் சப்ளை 12 வோல்ட். அலுமினியத்தை மெதுவாக வெட்டும்போது ஒரு தொந்தரவும் இல்லை. வெட்டி முடித்து அடுத்த இடத்துக்கு நிமிடத்துக்கு 3000 மிமீ வேகத்தில் தாவும்போது எக்ஸ் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு விழும் துளை எல்லாம் தப்பான இடத்தில்தான். குளோஸ்டு லூப்புக்கு, அதாவது தண்டின் நிலையை அளந்து டிரைவருக்குச் சொல்லும் என்கோடர் உள்ள மோட்டாருக்கு, மாறிவிடலாமா?

கோவைலேத்
மாறிவிடுங்கள். சாதாரண ஸ்டெப்பருக்குத் தான் நின்றுபோனது தெரியவே தெரியாது. கன்ட்ரோலர் பல்ஸ் அனுப்பிக்கொண்டே இருக்கும், என்ட் மில் (வெட்டும் கட்டர்) போய் கிளாம்பில் மோதும். என்கோடர் இருந்தால் டிரைவர் பிழையைச் சரிக்கட்டும், முடியாவிட்டால் அலாரம் கொடுத்து நின்றுவிடும். ஒரு நல்ல அலுமினியத் தகடும் இரண்டு கார்பைடு கட்டரும் போனாலே விலை வித்தியாசத்தில் பாதி போய்விடும்.

நுண்படி
நான் மறுக்கிறேன். முதலில் கணக்கைப் பாருங்கள். 3000 மிமீ என்றால் அந்த ஸ்க்ரூவில் 600 ஆர்பிஎம். சுற்றுக்கு 200 படி, ஆக நொடிக்கு 2000 படி, ஒரு படிக்கு 0.5 மில்லிசெகண்ட். 12 வோல்ட்டில் அந்தக் காயிலில் மின்னோட்டம் 2.8 ஆம்பியரைத் தொட ஏறக்குறைய 0.58 மில்லிசெகண்ட் ஆகும், அதுவும் பேக் இஎம்எஃப்பை (சுற்றும் மோட்டாரே உண்டாக்கும் எதிர் வோல்ட்டை) கணக்கில் எடுக்காமல். மின்னோட்டம் ஏறி முடிவதற்குள் அடுத்த படி வந்துவிடுகிறது, முறுக்குவிசை எங்கிருந்து வரும்? 36 வோல்ட் கொடுத்தால் அதே ஏற்றம் 0.19 மில்லிசெகண்டில் முடியும். ஆம்பியரைக் கூட்டுவதால் வேகம் வராது, வோல்ட்தான் வேகத்தைக் கொடுக்கும். பலர் டிரைவரின் டிப் சுவிட்சை 3.5 ஆம்பியருக்குத் தள்ளி மோட்டாரைச் சுடவைப்பதோடு சரி.

கோவைலேத்
கணக்கு சரி. ஆனால் டிபி6600 மாட்யூலின் மேல் போட்டிருப்பது 42 வோல்ட். கனமான கேன்ட்ரி (கட்டரைத் தாங்கி நகரும் சட்டம்) சட்டென்று நிற்கும்போது மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும், சப்ளை வோல்ட் ஏறும். 36-ல் ஓட்டினால் மிச்சமிருப்பது வெறும் 6 வோல்ட். தவிர, வெட்டிய உலோகச் சீவல் அடைத்து கட்டர் சிக்கினால் 36 வோல்ட் என்ன செய்யும்?

நுண்படி
அந்த 6 வோல்ட் விஷயம் நியாயம்தான். அதனால்தான் இந்த மோட்டாருக்கு 32-ஐ மில்லிஹென்றியின் வர்க்கமூலத்தால் பெருக்கும் பழைய விதிப்படி 50 வோல்ட் வரை தாங்கும் என்றாலும், இந்த மாட்யூலுக்கு 36-க்கு மேல் நான் சொல்லவே மாட்டேன். பயமிருந்தால் 50 வோல்ட் வரை எடுக்கும் டிஎம்542 டிரைவர் போடலாம்.

என்கோடர் பற்றி ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த லூப் டிரைவரோடு முடிந்துவிடுகிறது, ஜிஆர்பிஎல்லுக்கு எதுவும் தெரியாது. அலாரம் வயரைக் கன்ட்ரோலரில் இணைக்காவிட்டால் எக்ஸ் அலாரத்தில் நிற்கும், ஒய்யும் இசட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். வேலை அப்போதும் பாழ்தான். வயர் இணைத்தவர்கள் எத்தனை பேர்?

திருகாணி
இருவரும் வாங்கச் சொல்கிறீர்கள், சோதிக்கச் சொல்லவில்லையே. மரத்தூள், பவரை அணைத்துவிட்டு ஸ்க்ரூவைக் கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றிப் பாருங்கள். நடுவில் லேசாகவும் ஓரங்களில் இறுக்கமாகவும் இருந்தால் ஸ்க்ரூவும் ரெயிலும் இணையாக இல்லை. மோட்டார் தண்டிலிருந்து கப்ளிங் (தண்டையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் துண்டு) வரை மார்க்கரால் ஒரே கோடு இழுங்கள். ஓட்டிய பிறகு கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் கிரப் ஸ்க்ரூ (கப்ளிங்கைத் தண்டோடு பிடிக்கும் சிறு திருகு) வழுக்குகிறது, அதை எந்த டிரைவரும் சரிசெய்யாது.

இன்னொன்று. டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) வைத்து 10 மிமீ முன்னும் பின்னும் மெதுவாகப் பலமுறை ஓட்டுங்கள். ஒவ்வொரு திரும்பலுக்கும் சம அளவில் ஒரே பக்கம் நகர்ந்துகொண்டே போனால் அது சிக்னல் கோளாறு. ஸ்டெப் பல்ஸின் துருவம் தலைகீழாக இருந்தால் திசை மாறும்போதெல்லாம் ஒரு படி விழும். ஜிஆர்பிஎல்லில் $2 அமைப்பை மாற்றினால் போதும், ஒரு பைசா செலவில்லை.

மரத்தூள்
எல்லாம் செய்து பார்த்தேன். ஸ்க்ரூ முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி சுற்றுகிறது, மார்க்கர் கோடு பிரியவில்லை, டயல் கேஜ் முள் தொடங்கிய இடத்துக்கே வருகிறது. $110-ஐ (எக்ஸின் உச்ச வேக அமைப்பு) 1500 ஆக்கினால் நாள் முழுக்க ஓடுகிறது. 2400-க்கு மேல் போனால்தான் உறுமல்.

நுண்படி
அப்படியென்றால் வோல்ட் பற்றாக்குறைதான். 36 வோல்ட், 350 வாட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை ஒன்று போடுங்கள். மூன்று மோட்டாருக்கும் அது போதும், டிரைவர் சாப்பர் முறையில் (வோல்ட்டை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து) ஓடுவதால் சப்ளையிலிருந்து இழுப்பது மோட்டார் ஆம்பியரைவிடக் குறைவு. 230 வோல்ட் பக்கம் எர்த்தை மெஷின் சட்டத்தோடு கட்டாயம் இணையுங்கள்.

கோவைலேத்
இந்த இயந்திரத்துக்கு 36 வோல்ட் சரி, ஒத்துக்கொள்கிறேன். கண்காணிக்க ஆளில்லாமல் மணிக்கணக்கில் அலுமினியம் வெட்டப் போகிறவருக்கு என் பதில் இன்னும் என்கோடர்தான், அலாரம் வயரோடு சேர்த்து. மரத்தூள், சப்ளை மாற்றும்போது டிரைவரில் பவர் இருக்கையில் மோட்டார் வயரைக் கழற்றிவிடாதீர்கள். காயிலில் எழும் ஸ்பைக் அந்த நொடியே டிரைவர் சிப்பைக் கொன்றுவிடும். கனெக்டர் தளர்வாக இருந்தாலும் இதே கதைதான், எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிவிட்டு சுவிட்சைப் போடுங்கள்.

திருகாணி
முதல் ஓட்டத்தில் $110-ஐ 2000-லேயே வைத்து, 200 மிமீ, 200 மிமீயாகக் கூட்டிப் பாருங்கள். உறுமல் கேட்கும் வேகத்திலிருந்து 30 சதவீதம் குறைத்து நிறுத்திக்கொள்ளுங்கள்.