காற்றாலை வைத்திருந்தால் போதுமா?

சாயத்தொட்டி:
கரியமில வாயுக் கணக்கு கேட்டு எங்கள் துணியை வாங்கும் ஐரோப்பிய பையர் ஒருவர் படிவம் அனுப்பியிருக்கிறார். திருப்பூர்க்காரர்கள் இந்தப் பேச்செல்லாம் வருவதற்கு முன்பே காற்றாலை போட்டவர்கள். உடுமலைப் பக்கம் எங்களுக்கும் ஒன்று ஓடுகிறது. அதன் யூனிட்டை மின்கட்டணத்தில் கழித்துக்கொள்கிறோம். ஒரு சாயப்பட்டறை இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

நொய்யல்கரை:
அண்ணா, பாய்லர் காற்றிலா எரிகிறது? சாயத் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்குவது விறகுதானே? அதையும் படிவத்தில் எழுதினீர்களா?

சாயத்தொட்டி:
எழுதினேன். விறகு ஏன் கூடியது என்பதையும் கேளுங்கள். சாயக் கழிவுநீர் நொய்யல் ஆற்றைக் கெடுக்கிறது என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க ஏற்பாடு செய்த பிறகே திறந்தோம். கழிவுநீரைச் சவ்வு வழியே வடிகட்டும் ஆர்.ஓ.வில் மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சிக் காய்ச்சி உப்பாக்குகிறோம். அதற்கு எரிபொருள் வேண்டாமா? ஆற்றைக் காப்பாற்று என்றீர்கள், செய்தோம். இப்போது புகையைக் குறை என்கிறீர்கள்.

நொய்யல்கரை:
நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயநீரால் கிணறு கெட்டு, எங்கள் தென்னை பட்டுப்போனது. அந்தத் தீர்ப்பைச் சுமையாகப் பேசாதீர்கள். சாயமேற்றும்போதே உப்பும் தண்ணீரும் குறைந்தால், காய்ச்ச வேண்டியதும் குறையும். குறைந்த நீரில் ஓடும் சாய இயந்திரங்கள் வந்துவிட்டன. சாயம் இறக்கிய வெந்நீரின் சூட்டை அடுத்த தொட்டிக்கு ஏற்றலாம். அந்தச் சூட்டை ஏன் வீணாக விடுகிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
இயந்திரத்துக்குப் பணம் யார் தருவார்? படிவம் அனுப்பும் அதே பையர்தான் சட்டைக்கு விலை குறைக்கச் சொல்கிறார். குறைத்த புகையின் பெருமை அவருக்கு, கடன் நமக்கு. மூன்று வருட ஆர்டரை எழுத்தில் தரட்டும், அதைக் காட்டி வங்கியில் கடன் கேட்கலாம். அதுதான் பொறுப்பு.

தையல்காரி:
எல்லோரும் புகையைப் பேசுகிறீர்கள். நான் வேலை செய்யும் இடத்தில் தகரக் கூரை. போன ஏப்ரலில் அயர்ன் மேசையருகே நின்ற அக்கா இரண்டு முறை மயங்கி விழுந்தார். தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி, பீஸ் ரேட்; தண்ணீர் குடிக்க எழுந்தால் அது குறைந்துவிடும். உங்கள் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் உண்டா?

சாயத்தொட்டி:
இல்லை, சகோதரி. இப்போதுதான் மறுபடி புரட்டிப் பார்த்தேன். கூரை வெப்பத்தையும் எழுதி, ஆர்டர் உறுதியையும் கேட்டுப் பதில் அனுப்புகிறேன். வெந்நீர்ச் சூட்டை மீட்க விலைப்புள்ளி கேட்கிறேன். ஆனால் காற்றாலை ஒன்றுமில்லை என்றால் ஏற்க மாட்டேன்.

நொய்யல்கரை:
ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை, அண்ணா. மாதம் எத்தனை விறகு லாரி வந்தது என்று வாசல் பலகையில் எழுதி வையுங்கள். போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொள்கிறேன்.