சங்கிலி ஏணியில் கேட்ட ‘முருகா’

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் வனவிலங்குப் பூங்காவில் சிங்கம் பார்த்த கதைகளை இங்கே ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியாயிற்று. நான் மலைமேல் பார்த்த இரண்டு மனிதர்களைப் பற்றி எழுதுகிறேன்.

இடம் அதே நாட்டின் டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடர், சென்டினல் என்ற நடைபாதை. ஜோபர்க்கிலிருந்து, அதாவது ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து, ஹாரிஸ்மித் ஊரைத் தாண்டிப் போக வேண்டும். கடைசிச் சில கிலோமீட்டர் சாலை குண்டும் குழியும்தான். வண்டி நிறுத்தும் இடமே ஏறத்தாழ 2,500 மீட்டர், கொடைக்கானலைவிட உயரம். பதிவேட்டில் பெயரெழுதிவிட்டு நடக்கத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும்.

பாதை முடிகிற இடத்தில் செங்குத்துப் பாறை. அதில் சங்கிலி ஏணி, இரண்டு கட்டமாக, மொத்தம் முப்பது மீட்டர் இருக்கும். காற்றடித்தால் பாறையில் மோதிக் கடகடவென்று ஆடும். காலையில் கம்பி அவ்வளவு சில்லென்று இருக்கும், பிடித்த விரல் மரத்துப் போகும்.

அதன் அடியில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் முதல் கம்பியைப் பிடித்தபடி “முருகா, முருகா” என்று நின்றிருந்தார். அவர் மனைவி எப்போதோ மேலே போய்விட்டார். என்னோடு வந்த மதுரைக்கார அண்ணன் சும்மா இருப்பாரா? “ஐயா, தமிழா?” என்றார்.

“சாட்ஸ்வொர்த். ஆயா பேசுவாங்க. நான் லிட்டில் லிட்டில்.” டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் நிறைய இருக்கும் பகுதி அது.

“கீழே பார்க்காதீங்க அங்கிள். நான் பின்னாலேயே வர்றேன்.”

கம்பிக்கு ஒரு முருகா வீதம் ஏறி முடித்தார். மேலே மனைவி சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

உச்சியில் பரந்த புல்வெளி. அதன் நடுவே சின்ன ஓடையாக வரும் துகேலா ஆறு, விளிம்புக்கு வந்ததும் 948 மீட்டர் கீழே விழுகிறது. தூரத்தில் உட்ஸ்டாக் அணையின் ஏரி வெயிலில் மின்னியது. அங்கிள் பம்ப் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவராம். பயம் தெளிந்ததும் ஆங்கிலத்தில் வகுப்பே எடுத்துவிட்டார். இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் அந்த அணைப் பக்கமிருந்து கால்வாயில் கொண்டுபோய், பம்ப் வைத்து மலைத்தொடருக்கு மேலே ஏற்றி, ஸ்டெர்க்ஃபோன்டைன் அணையில் தேக்குகிறார்கள். ஜோபர்க்குக்குக் குடிநீர் தரும் வால் ஆற்றில் தண்ணீர் குறையும்போது அதைத் திறந்துவிடுவார்கள். “எங்க நேட்டால் தண்ணியைக் குடிச்சுட்டு ஜோபர்க்காரங்களுக்கு என்ன பெருமை!” என்று கேலி வேறு; டர்பன் இருக்கும் மாகாணம்தான் நேட்டால். பதில் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் பக்கத்து நாடான லெசோத்தோ பக்கத்திலிருந்து ஒரு இடையர் வந்தார். இருபது வயதுதான் இருக்கும். தோளில் கம்பளி, காலில் ரப்பர் பூட்ஸ், பின்னால் இரண்டு நாய். அவர் பேசிய செசோத்தோ மொழி எங்களுக்குப் புரியவில்லை. தடியால் மேற்கே திரண்ட மேகத்தைக் காட்டினார், அடுத்து ஏணியைக் காட்டினார். அண்ணன் “இன்னும் ரெண்டு போட்டோ” என்று இழுத்தார். அங்கிள் அதற்குள் பையை மாட்டிவிட்டார்!

பாதி இறங்குவதற்குள் இடி, கொண்டைக்கடலை அளவு ஆலங்கட்டி. அந்த இடியில் இரும்பு ஏணியில் தொங்குவதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. கோடையில் அங்கே மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம்; அங்கே கோடை நம்மூர்க் குளிர்காலத்தில்தான் வரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறவர்கள் விடியும்போதே ஏறத் தொடங்கி, நண்பகலுக்குள் ஏணியை விட்டு இறங்கிவிடுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்ட சகோதரிக்கு: ஏணியடி வரை தாராளமாகப் போகலாம், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல், என் பிள்ளையாக இருந்தால் இப்போதைக்கு ஏற்ற மாட்டேன்.