கடற்காற்றில் நிற்கும் வாசற்கதவு: மூலை இணைப்பு பற்றிய என் அனுபவம்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், அலையோசை கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கிழக்குப் பார்த்த வாசல் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையும் உப்புக்காற்றும் நேராகக் கதவில்தான் வந்து மோதும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோதுகூட அசையாமல் நின்ற தாத்தா காலத்துக் கதவைக் கரையான் அரித்துவிட்டதால், பின்னாளில் மாற்ற வேண்டியதாயிற்று.

புதிய கதவு நல்ல தேக்கு. மரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் செய்து கொடுத்தவர் சட்டங்களின் முனைகளில் உருண்டைக் குச்சிகளைச் செருகிப் பசையை மட்டுமே நம்பியிருந்தார். இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும், கீழ்க் குறுக்குச்சட்டத்தின் மூலையில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, கதவு பூட்டுப் பக்கமாகத் தொங்கித் தரையை உரசியது. பிரித்துப் பார்த்தபோது குச்சியோடு பசையும் முழுதாக வெளியே வந்தது. சட்டத்தின் வெட்டுமுனையில் அது பிடிக்கவே இல்லை.

மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாறாது. ஆகவே நெடுஞ்சட்டமும் குறுக்குச்சட்டமும் சந்திக்கும் மூலையில் ஆண்டுதோறும் இழுபறி நடந்துகொண்டே இருக்கும்.

மறுபடி செய்த திருப்பாதிரிப்புலியூர்த் தச்சர், பசை இல்லாவிட்டாலும் நிற்கும்படி மூலையை அமைத்தார். 45 மி.மீ. கனச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்காக 15 மி.மீ. நாக்கு (குறுக்குச்சட்ட முனையில் செதுக்கி, துளைக்குள் செருகும் நீட்சி) எடுத்து, நெடுஞ்சட்டத்தை ஊடுருவி மறுபக்கம் தெரியுமாறு விட்டு, முனையில் ஆப்பு அடித்தார். அகலமான கீழ்ச்சட்டத்துக்கு ஒரே நாக்காக விடாமல் இரண்டாகப் பிரித்தார். ஒரே நாக்குக்கு நீளமான துளை போட்டால் நெடுஞ்சட்டம் பலவீனமாகிவிடும் என்பது அவர் கணக்கு. நான் கண்கொட்டாமல் பார்த்தது மூங்கில் ஆணி அடித்ததைத்தான். நாக்கில் போடும் ஆணித்துளையைச் நெடுஞ்சட்டத்து ஆணித்துளைக்கு நேராகப் போடாமல், நாக்கின் அடிப்பக்கமாக ஒரு மி.மீ. தள்ளிப் போட்டிருந்தார். கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) ஆணியை இறக்க இறக்க, மூலையில் தெரிந்த கோடு இழுபட்டு மறைந்தது.

நடுப்பலகையை ஒட்டாமல், சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் பக்கத்துக்கு 3 மி.மீ. இடம் விட்டு மிதக்கவிட்டார். மூலைக்கு இரும்புப் பட்டை அடிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். உப்புக்காற்றில் அது துருப்பிடித்துத் தேக்கையும் கறையாக்கும் என்பதால் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

நாக்கின் முனைகள் வெளியே தெரிவதால் அவற்றின் வழியாகத்தான் ஈரம் அதிகம் ஏறும். ஒவ்வொரு புரட்டாசியிலும் கதவைக் கழற்றி, அந்த முனைகளுக்கும் அடிவிளிம்புக்கும் இரண்டு கை வார்னிஷ் பூசிய பிறகே மாட்டுகிறோம்.