நம் வீடு குழு: செல்வி போன ஊர்

செல்வி: வந்து சேர்ந்துவிட்டேன். ஜெர்மனியில் இருக்கிற இந்த ஊரின் பெயர் மோட்லராய்ட். ஏறக்குறைய 50 பேர்தான் குடியிருக்கிறார்கள். படத்தில் இருப்பது டன்பாக் ஓடை.

பெரியப்பா: ஒரு தாவலில் தாண்டிவிடலாம் போலிருக்கிறதே அம்மா. இதைப் பார்க்கவா விடியற்காலையில் கிளம்பினாய்?

செல்வி: இந்த ஓடைதான் எல்லை, பெரியப்பா. 1810-இல் கரையில் கல் நட்டார்கள். இந்தப் பக்கம் பவேரிய அரசு, அந்தப் பக்கம் ராய்ஸ் சிற்றரசு. ஆனாலும் ஊர் ஒன்றாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் ஓடையைத் தாண்டித்தான் போனார்கள்.

குமரன்: பிறகு?

செல்வி: இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்தக் கரை சோவியத் வசம், இந்தக் கரை அமெரிக்கர் வசம். 1949-இல் இந்தக் கரை மேற்கு ஜெர்மனி, அந்தக் கரை கிழக்கு ஜெர்மனி என்று ஒரே ஊர் இரண்டு நாடுகளுக்குப் போய்விட்டது. 1952-இல் கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் வேலி போட்டார்கள். 1966-இல் சுவரே எழுப்பினார்கள்: 700 மீட்டர் நீளம், 3.3 மீட்டர் உயரம். பெர்லின் நகரைப் போலவே சுவரால் பிரிந்து கிடந்ததால், அமெரிக்கப் படையினர் இதைக் குட்டி பெர்லின் என்றார்களாம்.

சித்தி: சொந்தபந்தங்கள் என்ன செய்தார்கள்?

செல்வி: அதுதான் சித்தி மனதைப் பிசைகிறது. அப்போது மேற்குக் கரையில் நிற்பவர் கையசைக்கலாம். கிழக்கில் இருப்பவர் பதிலுக்குக் கையைத் தூக்கக்கூடத் தடை.

சித்தி: கூடப் பிறந்தவள் எதிரே நின்றாலுமா?

செல்வி: ஆமாம் சித்தி. கிழக்கு ஜெர்மனிக்காரர்களே இந்த ஊருக்கு வர வேண்டுமானால் தனி அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. எல்லையை ஒட்டி 5 கிலோமீட்டர் தடைப் பகுதியாக இருந்தது.

பெரியப்பா: சுவர் கட்டியவனைக்கூட மன்னித்துவிடலாம். கையசைக்காதே என்று உத்தரவு எழுதியவனை எப்படி மன்னிப்பது?

குமரன்: எப்போது திறந்தார்கள் அக்கா?

செல்வி: 1989 டிசம்பர் 9-இல் நடந்து போக வழி விட்டார்கள். 1990 ஜூன் 17-இல் புல்டோசர் வந்தது. ஒரு பகுதியை மட்டும் இடிக்காமல் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய சுவர். தொட்டால் சில்லென்று இருக்கிறது. அடியில் புல் முளைத்திருக்கிறது.

அம்மா: இப்போது ஒரே ஊர்தானே?

செல்வி: இல்லை அம்மா. பாதி பவேரியா மாநிலத்தின் டோபன் ஊராட்சியிலும், பாதி துரிங்கியா மாநிலத்தின் கெஃபெல் நகராட்சியிலும் இருக்கிறது. அஞ்சல் குறியீடு, தொலைபேசிக் குறியீடு, கார் எண் பலகை எல்லாம் இரண்டிரண்டு. வணக்கம்கூட இங்கே "க்ரூஸ் காட்", அங்கே "கூட்டன் டாக்".

பெரியப்பா: அந்த 1810 கல்லைக் கிட்டத்தில் போய்ப் படம் எடுத்து அனுப்பு அம்மா. எழுத்து தெரிய வேண்டும்.

செல்வி: இதோ பெரியப்பா. பாசி பிடித்திருக்கிறது, கையால் துடைத்துவிட்டு எடுத்தேன்.

சித்தி: பாலத்தின் மேல் நின்று ஒன்று எடு செல்வி. இரண்டு கரையும் சேர்ந்து தெரிகிற மாதிரி.