ஹர்மன்பிரீத்: சாரா, மேடமா?

நூல்கண்டு:
ஸ்வெட்டர் நூலுக்காக லூதியானா மில் ஒண்ணோட மூணு மாசமா மெயில்லயே பேச்சு. கீழ வெறும் "ஹர்மன்பிரீத்". நானும் வரிக்கு வரி சார் போட்டேன். போன வாரம் நேர்ல போய், கேட்ல "ஹர்மன்பிரீத் சாரைப் பாக்கணும்"னேன். பின்னாடியிருந்து "நான்தான் அந்த சார்"னு ஒரு குரல். திரும்பினா ஒரு அம்மா, கையில இரும்புக் காப்பு. சிரிக்கவும் இல்ல, கோபமும் இல்ல. மூணு மாசமா ஏன் திருத்தல? அதான் உறுத்துது.

மிட்விக்கெட்:
கிரிக்கெட்டே பாக்க மாட்டீங்களா? 2017 பெண்கள் உலகக் கோப்பை அரையிறுதியில ஆஸ்திரேலியாவுக்கு எதிரா ஹர்மன்பிரீத் கவுர் 171 அடிச்சாங்களே!

நூல்கண்டு:
நான் ஹாக்கி ஆளுங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல வெண்கலம் வாங்கின கேப்டன் ஹர்மன்பிரீத் சிங். எனக்கு அவர்தான் ஞாபகம்.

வடக்குவாசி:
அமிர்தசரஸ்ல நண்பர் குழந்தைக்குப் பேர் வைக்கப் போயிருந்தேன். சீக்கியர்களோட புனித நூல் குரு கிரந்த் சாகிபைத் திறந்து, இடப்பக்கம் வர்ற பாடலை வாசிச்சாங்க. அதோட முதல் எழுத்துலதான் பேர் ஆரம்பிக்கணும். நட்சத்திரம், ஜாதகம் எதுவும் கிடையாது. அதை வாசிக்கிற கிரந்தி நிமிர்ந்து பார்த்து "ஹாஹா"ன்னார். சிரிக்கிறார்னு நானும் சிரிச்சு வெச்சேன். மொத்தக் கூட்டமும் என்னையே பாத்துச்சு. பஞ்சாபி எழுதுற குர்முகி லிபியில 'ஹ' எழுத்தோட பேரே ஹாஹாவாம்! ஆசைப்பட்ட 'ஜஸ்பிரீத்' போயி ஹர்மன்பிரீத் ஆச்சு. 'ஒவ்வொரு மனசுக்கும் பிரியமானவ'ன்னு அர்த்தம்.

பழைய பட்டாளம்:
வடக்குவாசி, இந்தியில 'ஹர்'னா ஒவ்வொருன்னு வரும், சரி. குர்பாணியில, அதாவது அந்தப் புனித நூல் பாடல்கள்ல, 'ஹர்' இறைவன். ஹர்பிரீத், ஹர்ஜீத் எல்லாம் அந்த வழிதான். மன் மனசு, பிரீத் அன்பு. இதுல ஆண் எங்க, பெண் எங்க? என் யூனிட்ல ஒரு குல்தீப் சிங், அவர் தங்கச்சி குர்தீப் கவுர். அவ்வளவுதான் என் கதை.
நூல்கண்டு, கேட்காமலே சொல்றேன். சிங், கவுர் பார்த்துதான் ஆணா பெண்ணான்னு தெரியும். 1699 வைசாகிப் பண்டிகையில ஆனந்த்பூர்ல கால்சாங்கிற சீக்கிய அமைப்பு தொடங்கினப்போ, ஜாதிப் பேரை விட்டுட்டு அதுல சேர்ந்த ஆண்கள் சிங் ஆனாங்க. பெண்களுக்குக் கவுர்ங்கிறது மரபு. கல்யாணம் ஆனாலும் புருஷன் பேரைச் சேக்க வேண்டியதில்ல. ஆனா கில், சந்துன்னு குடும்பப் பேர் மட்டும் போடறவங்களும் உண்டு, அப்ப தெரியாது. சிங்னாலே சீக்கியர்னும் நினைக்காதீங்க, ராஜபுத்திரர்கள்லயும் இருக்காங்க. பேசாம 'ஹர்மன்பிரீத் ஜி'ன்னு எழுதுங்க. ஜி ரெண்டு பேருக்கும் பொது.

நூல்கண்டு:
ஜி போட்டு அனுப்பினேன். பதில்ல நூல் விலை மட்டும். கீழ அதே ஹர்மன்பிரீத். கவுர் இன்னும் போடல.