கம்யூனிட்டி போர்டு கூட்டத்தில் பேசினால் பலன் உண்டா?

குவீன்ஸ்வாசி:
நியூயார்க்கில் எங்கள் தெருமுனை கார் பட்டறை இருக்கும் மனையை மண்டல மாற்றம் செய்து (அங்கே என்ன, எவ்வளவு உயரம் கட்டலாம் என்ற விதியை மாற்றி) ஒன்பது மாடி எழுப்ப விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் கம்யூனிட்டி போர்டு, அதாவது எங்கள் வட்டாரக் குழுவின் கூட்டம். அவர்கள் ஓட்டு வெறும் ஆலோசனைதானாமே? போவதா, வேண்டாமா?

முன்னாள்_உறுப்பினர்:
கட்டாயம் போங்கள். நான் ஒரு போர்டில் இருந்தவன். நகரில் மொத்தம் 59 போர்டுகள். ஒவ்வொன்றிலும் 50 பேர் வரை, யாருக்கும் சம்பளம் கிடையாது. விண்ணப்பம் வந்தால் 60 நாளுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். முடிவெடுப்பது நகரத் திட்டமிடல் ஆணையமும் நகர கவுன்சிலும்தான். அதனால் வெறுமனே "வேண்டாம்" என்றால் அது கோப்போடு சரி. எங்கள் தீர்மானங்களில் எடுபட்டவை நிபந்தனை போட்டவைதான்: சரக்கு லாரி எந்தத் தெருவில் நிற்கும், குப்பை மூட்டைகளை எங்கே அடுக்குவார்கள், எத்தனை வீடு குறைந்த வாடகைக்கு. உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். புதுக் கட்டடத்தின் நிழல் எங்கே விழும் என்று ஒரு படம் காட்டுங்கள், போதும். பேச்சுக்குப் பெயர் கொடுக்க மறக்காதீர்கள்.

வாடகைக்காரன்:
நான் போன கூட்டத்தில் சொந்த வீட்டுக்காரர்கள் பார்க்கிங், பார்க்கிங் என்றே பொழுதை ஓட்டினார்கள். வாடகைக்காரர் குரலே இல்லை.

முன்னாள்_உறுப்பினர்:
உண்மைதான், அந்தக் கோளாறு உண்டு. ஆனால் போர்டின் கமிட்டிகளில் உறுப்பினர் அல்லாத குடியிருப்பாளரும் சேரலாம். நிலப் பயன்பாட்டுக் கமிட்டிக்கு எழுதிக் கேளுங்கள்.

குவீன்ஸ்வாசி:
சரி, லாரி விஷயத்தையே பிடிக்கிறேன். எதிரே பள்ளிக்கூடம் இருக்கிறது.