கொல்லையில களிமண், தண்ணி வடியலை. செயற்கைப் புல் போட்டாத் தீருமா?

கிணத்தடி (பள்ளத்தூர்):

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு பழைய வளவு வீடு (நடுவுல முற்றம் வச்ச வீடு) இல்லை, 14 வருஷத்துக்கு முன்னாடி தனியாக் கட்டினது. மனை பள்ளமா இருந்துச்சுன்னு அப்பச்சி கண்மாய் மண் அடிச்சு மேடாக்கினாக. அத்தனையும் களி. கொல்லை 20-க்கு 15 அடி. ஐப்பசி பிறந்தா தை வரைக்கும் கால் கணுக்கால் மட்டும் இறங்கும். பங்குனியில பார்த்தா விரல் நுழையுற வெடிப்பு.

ஆத்தாவுக்கு 76 வயசு. விடிஞ்சதும் கிணத்தடித் துளசிக்குத் தண்ணி ஊத்தாமக் காபி குடிக்க மாட்டாக. போன கார்த்திகையில அங்கேயே வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சு ஆறு வாரம் மாவுக்கட்டு. இந்த மழைக்கு முன்னாடி எதாவது செஞ்சே ஆகணும். ரெண்டு லோடு மணல் கொட்டிப் பார்த்தோம், களியோட சேர்ந்து செங்கல் மாதிரி இறுகிப்போச்சு. செயற்கைப் புல் விக்கிறவர் வந்து, மண்ணைத் தட்டி மட்டம் பண்ணி மேல விரிச்சுட்டாப் போதும், ரெண்டு நாள் வேலைன்னு சொல்றார். நம்பிச் செய்யலாமா? செஞ்சு பார்த்தவுக சொல்லுங்க.

தேவகோட்டைக்காரன்:

ஆச்சி, கையெழுத்துப் போட்டுடாதீங்க. நான் அப்படித்தான் விரிச்சேன். அடியில கிரஷர் டஸ்ட், அதான் கல்லு உடைக்கிற தூள், ரெண்டு இஞ்சு போட்டாங்க. முதல் பெருமழையில டஸ்ட்டும் களியும் குழைஞ்சு, புல்லுக்கு அடியில தண்ணி கட்டி நின்னுச்சு. மிதிச்சா சளக் சளக்னு மேல வரும். பத்து நாள்ல நாத்தம். பிரிச்சு எடுத்தப்ப, புல்லோட முதுகுல இருக்கிற ஓட்டையெல்லாம் சேறு அடைச்சுக் கிடந்துச்சு. இன்னொண்ணு, சித்திரை வெயில்ல மத்தியானம் அதுல வெறுங்காலோட நிக்க முடியாது.

மட்டப்பலகை (காரைக்குடி):

வணக்கம் ஆச்சி. 22 வருஷமாக் கொத்து வேலை பார்க்கிறேன். புல்லுன்னு சொல்றது மேல போர்த்துற துணிதான். அதுல ஓட்டை இருந்தாலும், அடியில தண்ணிக்கு வழி இல்லைன்னா அது எங்க போகும்? வழியை முதல்ல பார்ப்போம்.

மாடித் தண்ணி எங்க விழுது? கொல்லையிலதான் விழுதுன்னா பாதி வியாதி அங்கதான் இருக்கு. கணக்குப் பாருங்க. 5 சென்டிமீட்டர் மழை பெஞ்சா உங்க 300 சதுர அடிக் கொல்லையில விழுறது ஏறக்குறைய 1,400 லிட்டர். மாடி 800 சதுர அடின்னா அதுல இருந்து மட்டும் 3,700 லிட்டர். முதல்ல அந்தப் பைப்பைத் திருப்புங்க.

அடுத்து மண்ணைச் சோதிங்க. ஒரு அடி ஆழக் குழி, தண்ணி ஊத்தி வத்தவிட்டு, மறுபடி ஊத்துங்க. ரெண்டாவது தடவை ஒரு மணி நேரத்துல அரை இஞ்சு கூட இறங்கலைன்னா, அந்த மண்ணு தானாக் குடிக்காது, நாமதான் வெளியே கூட்டிட்டுப் போகணும். கிணத்து ஓரமா எத்தனை அடியில களி முடியுதுன்னும் பாருங்க.

களியை ஆறு இஞ்சு வெட்டி எடுத்துடணும். வெட்டின தரைக்கே வாட்டம் கொடுக்கணும், மேல நிரவி ஒப்பேத்தக் கூடாது. அடிக்கு அரைக்கால் இஞ்சுன்னா 20 அடிக்கு ரெண்டரை இஞ்சு இறக்கம், வீட்டுச் சுவரை விட்டு விலகி ஓடணும். தண்ணி நிரப்பின டியூப்ல மட்டம் பிடிச்சுப் பாருங்க, கண்ணை நம்பாதீங்க. அதுமேல ஜியோ டெக்ஸ்டைல் துணி. தண்ணியை விடும், களியை மேல ஏற விடாது. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டுடாதீங்க, அது தண்ணியைத் தடுத்துடும். துணிக்கு மேல 20 எம்எம் ஜல்லி நாலு இஞ்சு, 300 சதுர அடிக்குச் சரியா ஒரு யூனிட் (நூறு கன அடி), திமிசுக் கட்டையால இடிச்சா அமுங்கும், கொஞ்சம் கூடவே வாங்குங்க. அதுக்கு மேல 6 எம்எம் சிப்ஸ் ஒரு இஞ்சு. டஸ்ட் கூடவே கூடாது.

தாழ்வான ஓரத்துல ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குச் சால் (நீளப் பள்ளம்) எடுத்து, துணி விரிச்சு, துளை போட்ட 4 இஞ்சு பிவிசி பைப்பைத் துளை கீழ் பார்க்க வச்சு, சுத்தி ஜல்லி கொட்டி மூடுங்க. அந்தப் பைப் ஒரு உறைக்குழியில, அதாவது உறை இறக்கின உறிஞ்சுகுழியில, போய் விழணும். குழி களியைத் தாண்டி இறங்கினாத்தான் பிரயோசனம். அஸ்திவாரத்துல இருந்து பத்தடியாவது தள்ளி, செப்டிக் டேங்கை விட்டு நல்லா விலகி இருக்கட்டும். மூணடி அகல உறை ஆறடி ஆழம் இறக்கினாலும் 1,200 லிட்டர்தான் கொள்ளும், அதனால மிச்சம் வெளியேற ஒரு போக்கு கட்டாயம் வேணும். கொல்லைத் தண்ணியைக் கிணத்துல விட்டுடாதீங்க.

ஆத்தா நடக்கிற வழிக்கு மட்டும் புல் வேண்டாம் ஆச்சி. பாசி பிடிச்சா அதுவும் வழுக்கும். மூணடி அகலத்துக்குச் சொரசொரப்பான கல் பாவி, ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி வைங்க.

வளவு வீடு (கானாடுகாத்தான்):

மேஸ்திரி சொன்ன வாட்டம்தான் உயிர். எங்க ஐயா கட்டின வீட்டு வளவுல நாலு பக்கத்துக் கூரைத் தண்ணியும் விழும். கல்லு பாவினதுலயே வாட்டம் வச்சிருக்காக. எவ்வளவு பேஞ்சாலும் ஒரு மூலையில கூடி, வாய்க்கால் வழியா வெளியேறிடும்.

கிணத்தடி (பள்ளத்தூர்):

மேஸ்திரி அண்ணே, சொன்னதைச் செஞ்சு பார்த்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ரெண்டாம் தடவை தண்ணி ஊத்தினேன். காலையில பார்த்தா ரெண்டு விரக்கடைதான் குறைஞ்சிருந்துச்சு. கிணத்து ஓரம் நாலடி வரைக்கும் களி, அதுக்குக் கீழே செஞ்சரளை. அந்த ஆழத்துக்குத் தோண்டி ஊத்தின தண்ணி அரை மணி நேரத்துல காணோம்.

மாடிப் பைப் கொல்லையிலதான் விழுந்துச்சு. இப்போ உறைக்குழிக்குத் திருப்பிட்டோம், மிச்சம் தெரு வாய்க்காலுக்குப் போகுது. புரட்டாசியில பேஞ்ச ஒரு மழைக்கே வித்தியாசம் தெரிஞ்சது. கிணத்தடியில தண்ணி நின்னுச்சு, ஆனா முந்தி மாதிரி வாசப்படி வரைக்கும் ஏறலை. நாளைக்குச் சால் வெட்ட ஆள் வருது. புல்லைத் தைக்குத் தள்ளி வச்சுட்டேன். கல் பாதைதான் முதல்ல. கைப்பிடிக் கம்பியை எந்தப் பக்கம் வைக்கணும்னு ஆத்தாகிட்டயே கேட்டேன், இடது பக்கம் வைக்கச் சொல்லிட்டாக. வலது கையில செம்பு இருக்குமாம்.